வாத்தியார் வேலையும் நாவலும்: புங்குடுதீவு மு. தளையசிங்கம்

யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் பஸ் அல்லைப்பிட்டி தாண்டி எங்கள் மண்கும்பானை ஊடறுத்துத்தான் போகும். மு. தளையசிங்கம் அந்தப் பாதையால் எத்தனை தரம் போய் வந்திருப்பார் என்று இப்போதும் நினைப்பதுண்டு. நான் அவரை நேரில் கண்டதில்லை. அவர் 1973 ஏப்ரலில் கண்மூடியபோது நான் பள்ளிக்கூடப் பெடியன். நானும் ஆசிரியனாகி, இரவில் கதை எழுதத் தொடங்கிய பிறகுதான் அவரைத் தேடிப் படித்தேன்.

1935இல் புங்குடுதீவில் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஆசிரியரானார். ஊரிலிருந்து வெகு தூரத்தில், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் இரத்தினபுரியில் படிப்பித்தார். 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் 1958 கலவரமும் கண்முன்னே நடந்த காலம் அது. அந்தக் காலத்தின் கொதிப்போடு இருபத்தைந்து வயதளவில் எழுதிய நாவல்தான் 'ஒரு தனி வீடு'. தலைப்பிலேயே விசயம் இருக்கிறது. ஆனால் அது நூலாக வந்தது 1984இல், அவர் இறந்து பத்து வருடத்துக்கும் மேல் கழித்து. 1983 ஆடியைப் பார்த்துவிட்ட சனம் அதை வேறு கண்ணோடுதான் படித்திருக்கும்.

அவரைக் காதல் கதைக்காரர் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் 1965இல் வந்த முதல் தொகுதி 'புதுயுகம் பிறக்கிறது' கையில் இருந்தால் திரும்பப் பாருங்கள். ஆண் பெண் ஆசையும், அதை மறைக்க நாங்கள் போடும் வேசமும்தான் அதில் பல கதைகளின் உயிர். மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வாத்தியார், தீவுச் சமூகத்தில் இருந்துகொண்டு, 'தொழுகை' போன்ற கதையை எழுதுவது லேசான காரியமில்லை. பிள்ளைகளின் தாய் தகப்பன் என்ன சொல்வார்கள் என்ற பயத்திலேயே நான் எத்தனையோ பக்கங்களைக் கிழித்திருக்கிறேன். அவர் கிழிக்கவில்லை.

எழுத்தோடு அவர் நிற்கவும் இல்லை. முற்போக்கு அணியினரோடு வாதம் செய்தார். ஆன்மிகத்தில் இறங்கினார். 'சத்தியம்' என்ற சஞ்சிகையை நடத்தினார். 1970இல் 'போர்ப்பறை' வந்தது. கதை, கட்டுரை, கவிதை என்ற வேலிகளையே பிடுங்க நினைத்த 'மெய்யுள்' அவர் போன பிறகு வந்தது. அந்தக் கடைசிக் காலத்து எழுத்தில் ஞானம் கூடி மனிதர் குறைந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். அதற்காக அவருடைய வாசகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஆனால் கிணற்று விசயத்தில் சண்டைக்கு இடமில்லை. எங்கள் மண்கும்பானில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர். புங்குடுதீவில் அப்படியில்லை, உவர்க்கிணறுகளுக்கு நடுவே ஒரு நன்னீர்க் கிணறு பொன் மாதிரி. கண்ணகி அம்மன் கோவிலடிக் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களை அள்ள விடவில்லை. 1971இல் அந்த மக்களுக்காகத் தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசார் அடித்தார்கள், அடைத்தார்கள். அதன் பிறகு உடம்பு தேறவில்லை. நாற்பது வயதைக்கூட அவர் காணவில்லை. சிங்களப் பேரினவாதத்தைப் பற்றி நாவல் எழுதிய அதே ஆள், சொந்த ஊரின் கிணற்றடியில் சொந்தச் சனத்துக்கு எதிராகவும் நின்றார். எங்கள் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும்தான் பேசுகிறோம்.

1990 ஆவணியில் இராணுவம் எங்கள் பக்கம் இறங்கியபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். மூன்று சீ.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்திருந்த என்னுடைய காதல் நாவல் அலுமாரிக்குள் கிடந்தது. அலுமாரியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை என்பதைப் பல வருடம் கழித்து வந்துதான் கண்டேன். தளையசிங்கத்தின் எழுத்துகளை அவருடைய தம்பி மு. பொன்னம்பலமும் தமிழகத்து நண்பர்களும் அச்சேற்றிக் காப்பாற்றினார்கள். போன கிழமை புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். கதாநாயகிக்கு நான் வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறது. முதல் அத்தியாயம் எங்கே தொடங்கியது என்பதுதான் பிடிபடவில்லை.