நிறுத்திய காரில் பேட்டரி இறங்குவது எப்படி? ‘செல்ஃப்’ தந்த கெட்டரிங்கின் கதை

சனிக்கிழமை ராத்திரி நல்லா ஓடிய கார், செவ்வாய்க்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று மட்டும் சொல்கிறது. பேட்டரி டவுன். வண்டி ஓடவே இல்லையே, கரண்ட் எங்கே போச்சு? இந்தத் தலைவலி நமக்கு வந்ததற்கு ஒருவகையில் காரணமானவர், அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங்.

1876-ல் ஒஹையோ மாநிலத்தில், லவுடன்வில் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கண்பார்வைக் கோளாறு. படித்தால் தலைவலி பிடுங்கும். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, டெலிபோன் கம்பெனியில் கம்பம் நட, லைன் இழுக்கப் போனார். பிறகு மறுபடி சேர்ந்து 1904-ல் மின் பொறியியல் பட்டம் வாங்கும்போது வயது 27. டேட்டன் நகரில் கடை கல்லாப்பெட்டி தயாரிக்கும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கையால் சுற்றும் கல்லாப்பெட்டிக்கு அவர் ஒரு சின்ன மோட்டார் வைத்தார். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, பெட்டி திறக்கும் சில நொடி வேகமாகச் சுற்றினால் போதும். சின்ன மோட்டாரை சில நொடிக்கு அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், சூடாகிக் கெடுவதற்குள் நிறுத்திவிடலாம். அவர் வாழ்க்கையையே மாற்றிய யோசனை இதுதான்.

1909-ல் வேலையை விட்டு, எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து, டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் ‘டெல்கோ’ நிறுவனத்தைத் தொடங்கினார். காடிலாக் கார்களுக்கு பேட்டரி இக்னிஷன் செய்து கொடுத்தார். அப்போதெல்லாம் இன்ஜினைக் கிளப்ப, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்தால் கை முறியும். காடிலாக் அதிபர் ஹென்றி லீலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர் 1908-ல் இறந்ததற்கு அப்படிப்பட்ட ஓர் அடிதான் காரணம் என்று சொல்வார்கள். விவரத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மோட்டாரால் கிளப்ப வேண்டுமானால் அது இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டுமே என்று நிபுணர்கள் கையை விரித்தார்கள். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவிருந்தது. 1911 பிப்ரவரியில் செய்து காட்டினார். 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கிளப்பும் மோட்டாரே, இன்ஜின் ஓடும்போது டைனமோவாகி பேட்டரியை சார்ஜ் செய்தது.

இப்போது ஒரு கணக்கு. ஸ்டார்ட்டர் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும், ஆனால் 3 நொடிதான். பேட்டரியில் குறைவது 0.125 ஆம்பியர்-மணி. நிறுத்திய காரில் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் (இதுவரை சகஜம்), ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி. கிட்டத்தட்ட பத்து முறை ஸ்டார்ட் செய்ததற்குச் சமம்! டிக்கியில் 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி காலி. சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதிக்குக் கீழே போய்விடும். பெரிய கரண்ட், கொஞ்ச நேரம் என்ற கெட்டரிங்கின் கணக்கு இங்கே தலைகீழ்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் பொருத்தி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே இணையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடிக்கவோ ஹெட்லைட் போடவோ கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். கதவுகளை மூடி அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இன்றைய கார்களின் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டுப் பார்த்து, நல்ல வண்டியைப் பழுது என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அப்புறமும் 50-க்கு மேல் நின்றால், ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவினால் அளவு விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். பெரும்பாலும் பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, ஜிபிஎஸ், டேஷ்கேம் அல்லது ஒட்டிக்கொண்ட ரிலே.

எதை உருவியும் விழவில்லையா? ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைப் பாருங்கள். டைனமோ காலத்தில் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்க கட்-அவுட் ரிலே இருந்தது; அதன் முனை ஒட்டினால் ராத்திரியில் பேட்டரி காலி. இன்று அந்த வேலையைச் செய்வது டயோடு. அது கெட்டாலும் அதே கதைதான்.

கைப்பிடி போனதும் பெட்ரோல் கார் ஓட்டுவது எல்லாருக்கும் எளிதானது. சுலபமாகக் கிளம்பிய அன்றைய மின்சாரக் கார்களின் சந்தை சரிந்ததில் செல்ஃபுக்குப் பெரிய பங்கு உண்டு. கெட்டரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனை 1921-ல் அங்கேதான் பிறந்தது. அது காற்றில் கலந்த விஷத்தை மறந்துவிட்டு அவரைப் பாராட்ட முடியாது. 1945-ல் நியூயார்க்கில் அமைந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. 1958 நவம்பர் 25-ல், 82 வயதில், டேட்டனில் இறந்தார்.