பப்வா சியூகோலம்

சியூசங்கர் "பப்வா" சியூகோலம் (ஏறத்தாழ 1929 – ஜூலை 5, 1978) தென்னாபிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தொழில்முறைக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். டச்சு ஓப்பன் போட்டியில் மூன்று முறையும் (1959, 1960, 1964), நட்டால் ஓப்பன் போட்டியில் இரண்டு முறையும் (1963, 1965) வெற்றி பெற்றவர். கைகளை இடம் மாற்றி வைத்துக் கோலைப் பிடிக்கும் இவரது முறை இவர் பெயராலேயே சியூகோலம் பிடி என அழைக்கப்படுகிறது.

பின்னணி

கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் பணிபுரிய இந்தியர்கள் 1860 முதல் நட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முதற் கப்பலான துரூரோ சென்னையிலிருந்தே புறப்பட்டது. அதில் சென்றவர்களுள் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். பின்னர் கல்கத்தா வழியாக வட இந்தியரும் வந்து சேர்ந்தனர். சிவசங்கர் என்பதன் திரிபான சியூசங்கர் என்னும் பெயர் அந்த வடபுல மரபைச் சேர்ந்தது. ஆயினும் டர்பனில் தமிழரும் பிற இந்தியரும் ஒரே குடியிருப்புகளில், ஒரே சட்டங்களின் கீழ் வாழ்ந்தமையால் பப்வாவை அனைவரும் தம்மவராகவே கருதினர்.

இவர் பள்ளிக்கல்வி பெறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர். உம்கேனி ஆற்றங்கரையில் வளர்ந்த இவர், அருகிலிருந்த பீச்வுட் மன்றத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் கோற்பையைச் சுமப்பவராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அத்தகைய மன்றங்களின் புல்வெளிக்குள் ஓர் இந்தியர் நுழைவதற்கு இதுவே பெரும்பாலும் வழியாக இருந்தது. மதுரை வட்டார வாசகர்கள் 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் குழிப்பந்தாட்டத் திடலை அறிந்திருக்கக்கூடும். பேரரசுக் காலத்தில் உலகெங்கும் இவ்வாறே வெள்ளையர் மன்றங்கள் உருவாயின.

பிடியும் வீச்சும்

வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் தமது இடத்தோளை இலக்கின் பக்கம் வைத்து நின்று, கோலின் மேல் நுனியில் இடக்கையையும் அதன் கீழே வலக்கையையும் வைப்பது வழக்கம். கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதும் இவ்வாறே. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தென்னைமட்டையால் விளையாடும் சிறுவர்களுள் சிலர் கைகளை மாற்றிப் பிடிப்பதைக் காணலாம். பெரியவர் எவரேனும் உடனே திருத்திவிடுவர். பப்வாவைத் திருத்த எவருமில்லை. வலக்கை ஆட்டக்காரராகவே நின்றபடி, வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்து ஆடக் கற்றுக்கொண்டார். முறையான பயிற்றுநர் கிடைத்திருந்தால் முதல் நாளிலேயே இப்பிடி மறைந்திருக்கும் எனக் கருதலாம்.

இயக்கவியல் நோக்கில் இது வெறும் விநோதமன்று. கோலை ஒரு நெம்புகோலாகக் கொண்டால், மேற்கை சுழற்சி மையமாகவும் கீழ்க்கை விசை தரும் புள்ளியாகவும் அமைகின்றன. வழக்கமான பிடியில் பந்தைத் தொடும் கணத்தில் வலக்கை இடக்கையின் மேல் உருள முற்படும். அது சற்று முந்தினாலோ பிந்தினாலோ கோலின் முகம் திரும்பிவிடும், பந்தும் பக்கவாட்டில் செல்லும். பிடியை மாற்றும்போது, இலக்கை நோக்கிய இடக்கை பந்துக்கு அருகில் வருவதால் இட மணிக்கட்டு எளிதில் மடங்குவதில்லை. கோலின் முகம் இலக்கை நோக்கியபடி சற்றுக் கூடுதல் நேரம் நிற்கிறது. மறுபுறம், முழு வீச்சில் கைகள் ஒன்றையொன்று தடுப்பதால் தூரம் குறையக்கூடும். இதனாலேயே முழு ஆட்டத்தையும் இப்பிடியில் ஆடியோர் மிகச் சிலரே. அமெரிக்கரான சார்லி ஓவன்ஸ் அவர்களுள் ஒருவர். ஆனால் குழியருகே மெதுவாகத் தட்டும் அடிக்கு மட்டும் இடக்கையைக் கீழே வைக்கும் முறை பிற்காலத்தில் பரவலானது. 2015 மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற ஜோர்டன் ஸ்பியெத் இவ்வாறே தட்டுகிறார்.

மாணவர்கள் இதனை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். குழியிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் பத்துப் பந்துகளை வழக்கமான பிடியிலும், பத்துப் பந்துகளை மாற்றுப் பிடியிலும் தட்டி, தவறியவை எப்பக்கம் சென்றன எனக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கோலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்காத அரை வீச்சில், மாற்றுப் பிடியில் சில பந்துகளை அடித்து, வீச்சு முடியுமிடத்தில் இட மணிக்கட்டு மடங்காமல் இருப்பதை உணர வேண்டும். பின்னர் வழக்கமான பிடிக்குத் திரும்பி, அதே உணர்வைக் கொண்டுவர முயல வேண்டும். தொடக்க நிலையினர் முழு வீச்சில் இதனைச் செய்யாதிருப்பது மணிக்கட்டுக்கு நல்லது.

வெற்றிகள்

கிரகாம் வுல்ஃப் என்னும் வேதியியலாளர் (ஆயில் ஆஃப் ஓலே முகப்பூச்சை உருவாக்கியவர்) பப்வாவின் திறனை உணர்ந்து 1959இல் ஐரோப்பாவுக்குச் செல்ல உதவினார். அவ்வாண்டே டச்சு ஓப்பனை வென்ற பப்வா, அடுத்த ஆண்டும் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் தாய்நாட்டில் வெள்ளையருக்கான போட்டியில் கலந்துகொள்ள அவருக்குச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது.

1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடைபெற்ற நட்டால் ஓப்பனில் பப்வா வென்றார். தென்னாபிரிக்காவில் மாகாண அளவிலான ஓப்பன் பட்டத்தை வெள்ளையரல்லாதார் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை. மன்றக் கட்டடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை. வெள்ளையர்கள் உள்ளே இருக்க, வெற்றியாளர் மழையில் வெளியே நின்று கோப்பையைப் பெற்றார். அந்நிழற்படம் பல நாடுகளில் வெளியாகி, தென்னாபிரிக்காவை விளையாட்டில் புறக்கணிக்கும் இயக்கத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்கத் தென்னாபிரிக்கா அனுமதிக்கப்படவில்லை.

1965இல் பப்வா மீண்டும் நட்டால் ஓப்பனை வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர்களுள் கேரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டில் யு.எஸ். ஓப்பனை வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற சிலருள் ஒருவரானவர் அவர்.

தடையும் இறப்பும்

அதன் பின்னர் உள்நாட்டுப் போட்டிகளில் ஆட பப்வாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடவுச்சீட்டும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வெளிநாட்டிலும் ஆட இயலவில்லை. ஒரு வீரரின் சிறந்த ஆண்டுகளாகக் கருதப்படும் முப்பதுகளின் பிற்பகுதி இவ்வாறு கழிந்தது. வறுமையில் வாழ்ந்த அவர் 1978இல் மாரடைப்பால் காலமானார்.

இனவொதுக்கல் ஆட்சி முடிவுற்றபின் தென்னாபிரிக்க அரசு இவரது சாதனையை இறப்புக்குப் பிந்தைய விருதளித்து ஏற்றுக்கொண்டது. டர்பனில் உம்கேனி ஆற்றையொட்டிய மாநகராட்சிக் குழிப்பந்தாட்டத் திடலுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கிறிஸ்டோபர் நிக்கல்சன், மாக்சின் கேஸ் ஆகியோர் இவரது வாழ்க்கை வரலாற்றை நூல்களாக எழுதியுள்ளனர்.