கென்னடி கல்யாணத்துக்கு உடை தைத்த ஆன் லோ

1953-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ந் தேதி. அமெரிக்காவில், கடற்கரை ஊரான நியூபோர்ட்டில் ஒரு பெரிய வீட்டுத் திருமணம். மாப்பிள்ளை ஜான் கென்னடி. அப்போது அவர் செனட் சபை உறுப்பினர். பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். மணப்பெண் ஜாக்குலின்.

மணப்பெண்ணின் படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அவர் அணிந்திருந்தது யானைத் தந்த நிறப் பட்டு உடை. அதற்கு 50 கஜம் துணி சென்றது. பாவாடைப் பகுதியில் வட்டம் வட்டமாக மடிப்பு வேலை. பார்த்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். அது என்ன துணி, என்ன நிறம் என்று பத்திரிகைகள் விவரமாக எழுதின. தைத்தவர் யார் என்பதை அநேகமாக எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

தைத்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. பெயர் ஆன் லோ. உடை அமைக்கும் கலையை முறையாகப் படிக்க விரும்பி நியூயார்க் சென்றவர். படிக்கப் போன இடத்தில், மற்றவர்களோடு உட்காரக் கூடாது என்று தனி அறையில் வைக்கப்பட்டவர். தனியாகப் படித்த அந்தப் பெண் அமெரிக்கக் கோடீசுவரர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் உடை அமைத்தார். அவர் வாழ்க்கை கதை போன்றது. ஆனால் கதை அல்ல.

பாட்டி தந்த ஊசி

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம் இருக்கிறது. அங்கே கிளேட்டன் என்ற சிற்றூர். ஆன் லோ பிறந்த ஊர் அதுதான். பிறந்தது 1898-ஆம் ஆண்டு என்று கூறுகிறார்கள்.

பாட்டி ஜார்ஜியா அடிமையாக இருந்தவர். எஜமானர் வீட்டுப் பெண்களுக்கு உடை தைப்பது அவர் வேலை. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத் தச்சர் ஒருவர் அவரை விலை கொடுத்து மீட்டு மணந்துகொண்டார் என்பது அந்தக் குடும்பத்தின் வரலாறு. விடுதலை கிடைத்த பிறகும் பாட்டியின் கையை விட்டு ஊசி போகவில்லை. பாட்டியிடமிருந்து தாயார் கற்றார். இருவரும் தையல் தொழில் நடத்தினார்கள். அலபாமாவின் பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் அவர்களைத் தேடி வந்தார்கள்.

வெட்டிய துணியில் விழும் துண்டுகள்தான் சிறுமி ஆனுக்கு விளையாட்டுப் பொருள். தோட்டத்தில் மலர்ந்திருக்கும் பூவைப் பார்ப்பாள். துண்டுத் துணியை மடித்துத் தைத்து அதே போலப் பூ செய்வாள். அப்போது அவளுக்கு ஐந்தாறு வயது. பிற்காலத்தில் அந்தத் துணிப் பூதான் ஆன் லோவின் முத்திரை ஆயிற்று. உடையில் பூவைப் பார்த்தே, இது அவர் கைவேலை என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பதினாறு வயதில் பொறுப்பு

1914-ஆம் ஆண்டில் தாயார் திடீரென்று இறந்துவிட்டார். அப்போது அலபாமா கவர்னரின் மனைவிக்காக நான்கு உடைகள் பாதி வேலையில் கிடந்தன. யார் முடிப்பது? ஆனுக்குப் பதினாறு வயது. துக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கையும் தைத்து முடித்துக் கொடுத்தாள். தன்னால் தனியாகத் தொழில் செய்ய முடியும் என்ற துணிவு அன்று பிறந்தது.

இதற்குள் அவளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. ஆர்தர் என்று ஒரு மகன். மனைவி தையல் வேலைக்குப் போவதில் கணவருக்கு விருப்பம் இல்லை.

1916-ஆம் ஆண்டில் ஒரு நாள் ஆன் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தார். புளோரிடா மாநிலம் தம்பா நகரத்துச் சீமாட்டி ஒருவரும் அங்கே வந்திருந்தார். ஆன் அணிந்திருந்த உடை அந்த அம்மாளின் கண்ணை இழுத்தது. யார் தைத்தது என்று விசாரித்தார். தானே தைத்தது என்று ஆன் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். தம் பெண்களின் கல்யாணத்துக்கு உடை தைக்கத் தம்பாவுக்கு வரும்படி அழைத்தார்.

கணவர் தடுத்தார். ஆன் கேட்கவில்லை. கைக்குழந்தையுடன் ரயில் ஏறிவிட்டார். அந்தக் கல்யாண பந்தம் அத்துடன் அறுந்தது.

தனி அறையில் படிப்பு

கைவேலையில் ஆன் கெட்டிக்காரர். ஆனால் கற்றதெல்லாம் பாட்டியையும் தாயையும் பார்த்துக் கற்றது. முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. தம்பாச் சீமாட்டியும் ஊக்கம் கொடுத்தார். 1917-ஆம் ஆண்டில் நியூயார்க் நகருக்குச் சென்று, எஸ்.டி.டெய்லர் உடையமைப்புப் பள்ளியில் ஆன் சேர்ந்தார்.

சேர்வதற்கு மனுப் போட்டபோது அவர் கறுப்பினப் பெண் என்பது பள்ளிக்குத் தெரியாது. நேரில் வந்து நின்றதும் தலைவர் திகைத்தார். வெள்ளைக்கார மாணவிகள், அவரோடு ஒரே அறையில் இருந்து படிக்கமாட்டோம் என்றார்கள். என்ன செய்வது? ஆனை வெளியே அனுப்பவும் இல்லை. வகுப்பில் உட்கார வைக்கவும் இல்லை. தனியாக ஓர் அறையைக் கொடுத்தார்கள்.

பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் வேலையைப் பார்த்துக் கற்க வழி இல்லை. மேஜையும் துணியும் கத்தரிக்கோலும்தான் துணை. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். ஆன் திரும்பவில்லை.

சில நாட்களில் பள்ளித் தலைவர் ஒரு காரியம் செய்தார். ஆன் தைத்தவற்றை எடுத்துச் சென்று, தையல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக மற்ற மாணவிகளுக்குக் காட்டினார். பக்கத்தில் உட்காரக் கூசியவர்கள், அவர் வேலையைப் பார்த்துப் பாடம் படித்தார்கள்! குறித்த காலத்தில் பாதிக்குள்ளேயே ஆன் படிப்பை முடித்துவிட்டார்.

பிறகு தம்பாவுக்குத் திரும்பித் தொழில் நடத்தினார். அந்த நகரில் ஆண்டுதோறும் நடக்கும் காஸ்பரில்லாத் திருவிழாவில் ராணி வேடம் பூணும் பெண்ணுக்கும் தோழிகளுக்கும் அவர்தான் உடை. தாம் தனி அறையில் கற்றதை அவர் ஒளித்து வைக்கவில்லை. வேலைக்கு வந்த கறுப்பினப் பெண்களுக்கெல்லாம் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்.

உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது

1928-ஆம் ஆண்டில், சேமித்த 20 ஆயிரம் டாலருடன் ஆன் லோ மீண்டும் நியூயார்க் சென்றார். மறு ஆண்டே அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்துவிட்டது. கைப்பணம் கரைந்தது. பெரிய உடைக் கடைகளில் கூலிக்கு வேலை செய்தார்.

அவர் தைத்த உடையில் கடைக்காரர் பெயரைப் பொறித்த துணிச்சீட்டுத்தான் இருக்கும். 1947-ஆம் ஆண்டில் ஆலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகைக்குச் சிறந்த நடிகை என்று ஆஸ்கார் பரிசு கிடைத்தது. மேடையில் அவர் அணிந்திருந்த பூ வேலை உடை ஆன் லோ அமைத்தது. சீட்டில் இருந்ததோ வேறொருவர் பெயர்.

1950-ஆம் ஆண்டில் ஆன் லோ சொந்தக் கடை திறந்தார். அவர் உடையில் வெளிப்புறம் எவ்வளவு அழகோ, அவ்வளவு சுத்தம் உட்புறமும். பிரிந்து நிற்கும் நூலை உள்ளேகூடக் காண முடியாது. ஓரங்களைப் பட்டாலும் லேஸாலும் மூடி, கையாலேயே தைத்துவிடுவார். மார்புப் பகுதி கலையாமல் நிற்பதற்கு உள்ளே தனிக் கட்டுமானம் உண்டு. கோடீசுவரர் வீடுகளில் பெண் வயதுக்கு வந்து முதல் விருந்தில் தோன்றும்போது அணியும் உடைக்கு ஆன் லோவைத்தான் தேடினார்கள்.

ஜாக்குலினின் தாயார் அவருடைய பழைய வாடிக்கைக்காரர். அதனால் 1953-ல் மகள் கல்யாண உடையும், தோழிப் பெண்களின் உடைகளும் ஆன் லோவிடம் வந்தன.

பத்து நாள் போராட்டம்

இரண்டு மாத வேலை முடிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். ஒரு நாள் காலை கடையைத் திறந்தபோது, உள்ளே ஒரே வெள்ளம்! தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. மணப்பெண் உடை உட்பட பத்து உடைகள் பாழாகிக் கிடந்தன.

ஆன் லோ உட்கார்ந்து அழவில்லை. அதே பட்டை மறுபடியும் வரவழைத்தார். கூடுதலாக ஆட்களைச் சேர்த்தார். மணப்பெண் உடையை வெட்ட இரண்டு நாள். தைக்க மூன்று நாள். இரவும் பகலும் வேலை நடந்தது. எல்லா உடைகளும் உரிய நாளில் தயாராகிவிட்டன. 700 டாலர் லாபம் வரவேண்டிய இடத்தில் 2,200 டாலர் நஷ்டம். கல்யாண வீட்டாரிடம் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

உடைகளை எடுத்துக்கொண்டு அவரே நியூபோர்ட் சென்றார். வேலைக்காரர்கள் வரும் பின்வாசல் வழியாகப் போகும்படி வாசலில் இருந்தவர் சொன்னார். முன்வாசல் வழியாக விடாவிட்டால் உடைகளோடு திரும்பிவிடுவதாக ஆன் லோ கூறிவிட்டார். முன்வாசல் திறந்தது.

நஷ்டத்தைப் பொறுத்தவர், அவமானத்தைப் பொறுக்கவில்லை.

ஒரு கடிதம்

1961-ஆம் ஆண்டில் கென்னடி ஜனாதிபதி ஆனார். அப்போது ஒரு பெண்கள் பத்திரிகை, ஜாக்குலினின் மண உடையைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக எழுதியது. அதைத் தைத்தது ஒரு கறுப்பினத் தையல்காரி என்ற பொருளில் குறிப்பிட்டது. பெயர் இல்லை.

அந்த வரி ஆன் லோவின் மனத்தைத் தைத்தது. ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார். தம் இனத்தை அவர் மறைக்கச் சொல்லவில்லை. பெயர் பெற்ற உடையமைப்பாளர் என்று தம்மைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. படித்துப் பெற்ற தொழிலுக்கு உரிய பெயர்; அவ்வளவுதான்!

கடனும் கண்ணும்

ஆன் லோவுக்குத் தைக்கத் தெரியும். விலை சொல்லத் தெரியாது. பட்டுக்கும் கூலிக்கும் ஆன செலவைவிடக் குறைவாக வாங்கிய நாட்கள் உண்டு. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர் மகன் ஆர்தர். 1958-ல் அவர் மோட்டார் விபத்தில் மாண்டார். அதன்பின் கடன் ஏறியது. 1962-ல் வரிப் பாக்கி 12,800 டாலருக்காகக் கடை மூடப்பட்டது. அதே ஆண்டில், கண்ணில் நீர் அழுத்த நோயால் வலது கண்ணையே எடுக்க வேண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஓர் அதிசயம் நடந்தது. பெயர் சொல்லாத யாரோ ஒருவர் வரிப் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். அது ஜாக்குலினாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆன் லோ கடைசிவரை நம்பினார்.

மற்றொரு கண்ணிலும் பார்வை மங்கியது. ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். அந்த ஒற்றைக் கண்ணோடு மறுபடியும் ஊசி எடுத்தார். 1968-ல் நியூயார்க்கின் பெரிய கடைவீதியான மாடிசன் அவென்யூவில் கடை திறந்தார். 1972-ல்தான் ஓய்வு பெற்றார். 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி, 82-வது வயதில் காலமானார்.

பல்கலைக்கழகத்தில் ஆன் லோ

அவர் மறைந்த பிறகு காலம் மாறியது. அவர் அமைத்த உடைகள் இன்று அமெரிக்காவின் பெரிய பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன. ஜாக்குலினின் மண உடை பாஸ்டன் நகரில் கென்னடி நினைவு நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பட்டு நைந்துவிட்டதால் அதை வெளியே எடுத்துக் காட்சிக்கு வைப்பதில்லை.

2023-ல் டெலாவேர் மாநிலத்து விண்டர்தர் பொருட்காட்சி சாலையில் ஆன் லோவின் உடைகளை வைத்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக அந்த மண உடையைப் போலவே ஒன்றைப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. டெலாவேர் பல்கலைக்கழகத்தில் உடையமைப்புக் கலை கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். பழைய உடையை நேரில் ஆராய்ந்தார். அச்சு வெட்டினார்; மடிப்புக்கு மடிப்பு கணக்குப் பார்த்துத் தைத்தார். மாணவர்களும் கைகொடுத்தார்கள்.

ஒரு காலத்தில் ஆன் லோவோடு ஒரே அறையில் படிக்கமாட்டோம் என்றார்கள் மாணவிகள். இப்போது பல்கலைக்கழகத்து வகுப்பறையில், அவர் போட்ட மடிப்பு எப்படி விழுந்தது என்று உட்கார்ந்து படிக்கிறார்கள். கண்காட்சி வாசலில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.