ஏன் என்று கேட்கும் பிள்ளைகளுக்காக உழைத்த பெரியசாமித் தூரன்

 

போன கோடை லீவில் எங்க தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ரூமில் என் தம்பி ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடப் போனான். அப்பா ஓடிவந்து முதுகில் ரெண்டு வச்சார். ஏன் தொடக்கூடாது என்று அவன் அழுதுகொண்டே கேட்டான். சொன்னாச் சொன்னபடி கேக்கோணும், எதுத்துக் கேள்வி கேக்கக்கூடாது என்று அம்மிச்சி அதட்டினாங்க. காரணத்தை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

பள்ளி திறந்ததும் நம் நூலகத்தில் தேடினேன். குழந்தைகள் கலைக்களஞ்சியம் என்ற பழைய புத்தகம் கிடைத்தது. அதைத் தொகுத்த ஆசிரியர் பெ. தூரன். யார் இவர் என்று தமிழ் ஐயாவிடம் கேட்டேன். நம்ம கொங்கு நாட்டுக்காரர்தான் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம்!

பெரியசாமித் தூரன் 1908-ம் ஆண்டு ஈரோடு மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்தார். அதே 1908-ல்தான் லண்டனில் ஆர்தர் மீ என்பவர் சிறுவர் கலைக்களஞ்சியத்தை வெளியிடத் தொடங்கினார். தமிழில் அப்படி ஒன்று வரும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

தூரன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். நாம் இந்தச் சுவரொட்டி இதழை நடத்துவது போல, அவரும் நண்பர்களோடு சேர்ந்து பித்தன் என்ற பத்திரிகை நடத்தினார். 1931 மார்ச்சில் பகத்சிங்கைத் தூக்கிலிட்டார்கள். அந்த வேதனையில் தூரன் பி.ஏ. இறுதித் தேர்வையே எழுதவில்லை. பரீட்சை எழுதாமல் விடுவது சின்ன விஷயமா? வீட்டில் எவ்வளவு கனவு கண்டிருப்பார்கள்! ஆனாலும் மனசாட்சி சொன்னதைக் கேட்டார்.

பிறகு கோபிசெட்டிபாளையத்திலும், நமக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்திலும் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளின் மனசைப் பற்றிக் குழந்தை உள்ளம் என்று ஒரு நூல் எழுதினார். பாரதியாரின் எழுத்துகளைப் பழைய சுதேசமித்திரன் இதழ்களில் தேடித் தொகுத்தார். கர்நாடக இசைப் பாடல்களும் இயற்றினார்.

நாம் சின்ன வகுப்பில் படித்த ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லித் தருகின்றன. அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? அந்த வேலையைத் தூரன் எடுத்துக்கொண்டார். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு அவரே முதன்மை ஆசிரியர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. அதோடு ஓய்வெடுக்கவில்லை. 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்கென்றே இன்னும் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார். கொல்லிமலைக் குள்ளன் போன்ற சிறுவர் கதைகளும் எழுதினார். 1968-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1987-ல் காலமானார்.

இவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. கேள்வி கேட்பது அடங்காத்தனம் இல்லை. கேள்வி கேட்டவர்தான் இத்தனை வருஷம் பொறுமையாக, ஒழுங்காக உழைத்திருக்கிறார். அதே போல, அப்பா அன்றைக்குத் தடுத்ததும் தப்பில்லை. தடுக்காவிட்டால் என் தம்பி இன்று இருந்திருக்க மாட்டான். தடுத்த பிறகு காரணமும் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காரணத்தை நானே படித்துச் சொன்னேன். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும், ஈரமானால் அந்தத் தடுப்பு குறைந்துவிடும், மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குப் பாயும் என்றேன். தம்பி வாயைத் திறந்தபடி கேட்டான். அப்பாவும் கட்டிலில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அன்னூர் சந்தைக்குப் போனவர், ஒரு ரப்பர் மேட் வாங்கிவந்து ஸ்டார்ட்டருக்குக் கீழே போட்டார். இப்போது யாராவது ஈரக் கையோடு அந்தப் பக்கம் போனால் தம்பியே தடுக்கிறான், காரணமும் சொல்கிறான்!

நண்பர்களே! இந்தக் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். உங்க வீட்டுக் குட்டித் தம்பி தங்கச்சி ஏன் என்று கேட்டால் அதட்டாதீங்க. தெரியாவிட்டால் சேர்ந்து தேடிப் பாருங்க.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி