ஓமும் தலைகீழ் ஓமும்

தோழியரே, பௌதிகவியல் பாடத்தில் நாம் அடிக்கடி உச்சரிக்கும் ஓம் என்னும் அலகு, பூட்டுத் தொழிலாளி ஒருவருடைய மகனின் பெயர். அவரது வாழ்வை வாசித்தபோது, அவர் கம்பிகளில் அளந்த தடையைவிட வாழ்வில் சந்தித்த தடையே பெரிது என்று எனக்குத் தோன்றியது.

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். பத்து வயதளவில் தாயை இழந்தார். தந்தை தாமாகவே கணிதம் கற்று, மகன்மாருக்கும் கற்பித்தார். பின்னர் கொலோன் நகரில் ஆசிரியராக இருந்துகொண்டே ஓம் மின்னை ஆராய்ந்தார். அக்கால மின்கலங்கள் நிலையான மின்னோட்டம் தரவில்லை. ஆகவே செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னோட்டத்தைப் பெற்றார். கம்பி நீள நீள மின்னோட்டம் எந்த ஒழுங்கில் குறைகிறது என்பதை 1826இல் கண்டறிந்தார்.

மறு ஆண்டு வெளிவந்த அவரது நூலுக்குத் தாய்நாட்டில் வரவேற்பில்லை. மனம் நொந்து பதவியைத் துறந்தார். 1841இல்தான் இலண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் வழங்கியது. மியூனிக்கில் பௌதிகவியல் பேராசிரியர் பதவி 1852இல் கிடைத்தது. 1854இல் காலமானார். 1881இல் பாரிஸ் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், 1883இல் ஓமின் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பி மோ என்றொரு சொல்லை முன்மொழிந்தார். அது மின்னைக் கடத்தும் திறனின் அலகு. 1971 முதல் அதன் சர்வதேசப் பெயர் சீமன்ஸ். தடையின் நிகர்மாறே கடத்தும் திறன். 20 ஓம் என்றால் 0.05 சீமன்ஸ்; 5 ஓம் என்றால் 0.2 சீமன்ஸ். இரண்டையும் சமாந்தரமாக இணைத்தால் கூட்டினாலே போதும்: 0.25 சீமன்ஸ். மீண்டும் நிகர்மாறு எடுத்தால் 4 ஓம். தடைகளை வைத்துச் சிக்கலாகத் தெரியும் கணக்கு, கடத்தும் திறனை வைத்தால் எளிதாகிவிடுகிறது.

கம்பி ஒன்றுதான், எவ்வளவு தடுக்கிறது என்றும் கேட்கலாம், எவ்வளவு கடத்துகிறது என்றும் கேட்கலாம். ஓமின் காலத்தவர் முதற் கேள்வியோடு நின்றுவிட்டார்கள். நம்மோடு படிப்பவளை மதிப்பிடும்போது இரண்டாவது கேள்வியையும் நாம் கேட்போமாக.