வெறிநோயை வென்ற லூயி பாஸ்டர்

நம் வீடுகளில் நாயும் பூனையும் குடும்பத்தில் ஒருவராகவே வளர்கின்றன. பள்ளி விட்டு வரும் நம்மை வாசலிலேயே வாலாட்டி வரவேற்கும் நாய்க்குச் சோறு வைக்க நாம் மறப்பதில்லை. ஆனால் உரிய காலத்தில் அதற்குப் போட வேண்டிய தடுப்பூசியை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அந்தச் சிறிய ஊசியின் பின்னே ஒரு மாமனிதரின் உழைப்பும் கண்ணீரும் நிறைந்த வரலாறு இருக்கிறது. அவர்தாம் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் லூயி பாஸ்டர்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் டோல் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. குடும்பம் பின்னர் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. லூயிக்கு எட்டு வயதானபோது வெறிபிடித்த ஓநாய் ஒன்று அப்பகுதியில் புகுந்து பலரைக் கடித்துக் குதறியது. அக்காலத்தில் வெறிக்கடிக்கு இருந்த ஒரே வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான். கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்கு இழுத்துச் சென்று சுட்டார்கள். அவர்களின் அலறல் சிறுவன் லூயியின் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. அவ்வாறு சுட்டும் பலர் மாண்டனர்.

பள்ளியில் லூயி முதல் மாணவராக விளங்கவில்லை. படம் வரைவதில்தான் கெட்டிக்காரர். ஆயினும் விடாமுயற்சியால் பாரிசு சென்று பயின்று வேதியியல் அறிஞரானார். 1849இல் மரீ லோரான் என்னும் நங்கையை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதி, அவரது ஆராய்ச்சிக்கு அம்மையார் உறுதுணையாக நின்றார். இந்த அன்புக் குடும்பத்தில் இடிமேல் இடி விழுந்தது. 1859க்கும் 1866க்கும் இடையில் மூன்று பெண் குழந்தைகளை நோய் கொண்டு சென்றது. அவர்களுள் இருவரை மாய்த்தது டைபாய்டு காய்ச்சல். 1868இல் பாஸ்டருக்கே பக்கவாதம் வந்து இடக் கையும் இடக் காலும் தளர்ந்தன. ஆனால் அவர் மனம் தளரவில்லை.

நோய்க் கிருமிகளை வலுவிழக்கச் செய்து உடலில் செலுத்தினால், பின்னர் வரும் கொடிய கிருமிகளை உடலே எதிர்த்து நிற்கும் என்பதைக் கோழிகளிடம் அவர் கண்டறிந்தார். 1881இல் புயி-லெ-ஃபோர் என்னும் சிற்றூரில், ஆடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியை ஊரறியச் சோதித்துக் காட்டினார். ஊசி போடாத 24 ஆடுகளும் மடிந்தன. ஊசி போட்ட ஆடுகளோ நலமாக நின்றன.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது, இளமை முதல் தம் நெஞ்சை அறுத்த வெறிநோய். அதன் கிருமி அக்கால நுண்ணோக்கிக்குத் தென்படவில்லை. ஆயினும் அவரும் துணைவர் எமில் ரூவும் சோர்ந்துவிடவில்லை. நோயுற்ற முயல்களின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் உலர்த்தினர். நாளாக ஆக நஞ்சின் வேகம் தணிந்தது. அதிலிருந்து செய்த மருந்தை முதலில் நாய்களுக்குத்தான் போட்டனர். அவற்றை வெறிநோய் அணுகவில்லை.

1885 ஜூலை 6ஆம் நாள், அல்சேசு பகுதியிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரை அவன் தாய் அழைத்து வந்தாள். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் ஒன்று அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் அல்லர். மனிதருக்கு அம்மருந்தைப் போட அஞ்சினார். ஆனால் சும்மா இருந்தால் பிள்ளை மாள்வது உறுதி. அவர் வேண்டிக்கொள்ள, மருத்துவர் கிராஞ்சே ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசிகள். அந்நாட்களில் பாஸ்டருக்கு உறக்கமே இல்லை. சிறுவன் பிழைத்தான்!

அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்தியே என்னும் பத்து வயதுச் சிறுமி வந்தாள். நாய் அவளைத் தலையில் கடித்து 37 நாட்கள் கடந்திருந்தன. காலம் கடந்துவிட்டது என்பது பாஸ்டருக்குத் தெரியும். அவள் இறந்தால் தம் மருந்தின்மேல் பழி விழும் என்பதும் தெரியும். ஆயினும் பெற்றோரின் கண்ணீரைக் கண்டு மறுக்க மனம் வரவில்லை. மருந்து கொடுத்துப் பார்த்தார், சிறுமி பிழைக்கவில்லை. மூன்று பெண்களைப் பறிகொடுத்த அந்தத் தந்தையின் உள்ளம் எப்படித் துடித்திருக்கும்!

நாய்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஊசி போட்டுவிட்டால் மனிதருக்கு இந்நோயே வராது என்பதையும் பாஸ்டர் எண்ணிப் பார்த்தார். ஆனால் நாட்டிலுள்ள எண்ணற்ற நாய்களுக்குப் பல ஊசிகள் வீதம் போடுவது அன்று இயலாத செயல். அதனால்தான் கடிபட்டவரைக் காக்கும் வழியில் இறங்கினார். 1888இல் பாரிசில் மக்கள் தந்த நன்கொடையால் பாஸ்டர் நிலையம் எழுந்தது. 1895 செப்டம்பர் 28ஆம் நாள் அவர் மறைந்தார். நம் குன்னூரிலும் 1907இல் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றி, தென்னாட்டில் கடிபட்டோரைக் காத்தது.

அன்று அவரால் இயலாதது இன்று நமக்கு எளிது. மனிதருக்கு வரும் வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியால் வருவதே. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பின்னர் கால்நடை மருத்துவர் குறித்துத் தரும் நாளில், பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை, மறு ஊசி. பூனைக்கும் இதுவே முறை. ஒரு முறை போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. நாள் கடந்தால் காப்பும் குறையும். கடிபட்டாலோ, காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சி மறைப்பது பேராபத்து. நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

மெய்ஸ்டர் ஊசி பெற்ற ஜூலை 6, விலங்குகளால் பரவும் நோய்களைத் தடுக்கும் நாள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாள். இந்நாட்களில் பல ஊர்களில் இலவச ஊசி முகாம்கள் நடைபெறுகின்றன. தோழியரே, இன்று வீட்டுக்குப் போனதும் நம் செல்லப் பிராணியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்போம். நாள் கடந்திருந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ அன்றே சொல்வோம். மெய்ஸ்டர் காலத்தில் வந்தான், பிழைத்தான். பெல்தியே காலம் கடந்து வந்தாள். இதை நாம் மறவாதிருப்போம்.