தோட்டக் காய்ச்சலை அடக்கிய டாக்டர் வாட்சன்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களை நம்பிக் கடை வைத்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் நம்மில் பல. ஆயினும் டாக்டர் மால்கம் வாட்சன் என்ற பெயரை அறிந்தவர் சிலரே. காய்ச்சல் அடங்காதிருந்தால் தோட்டம் ஏது, கடை ஏது?

மலேரியாக் கிருமி இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதையே தின்று பெருகி, முடிவில் அதை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. எண்ணற்ற அணுக்கள் ஒரே வேளையில் உடையும்போதுதான் குளிரும் நடுக்கமும் காண்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலின் இரகசியம் இதுவே. மண்ணீரல் வீங்கிக் காய்ச்சல்கட்டி ஆகிவிடும். சிலருக்கு அணுக்கள் அளவுகடந்து சிதைந்து சிறுநீரே கறுத்துப்போகும். அவர்களில் பலர் பிழைப்பதில்லை.

ஸ்காட்லாந்தில் 1873-இல் பிறந்த வாட்சன், 1901-இல் கிள்ளானில் அரசாங்க டாக்டராக அமர்ந்தார். கொசுவே இக்காய்ச்சலைப் பரப்புகிறது என்று சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டு அப்போது நான்கே ஆண்டுகள். கொயினா கொடுப்பதோடு வாட்சன் நிற்கவில்லை. சதுப்பை வெட்டி வடித்தார். காட்டை அகற்றச் செய்தார். 1901-இல் கிள்ளான் நகரில் 334 ஆக இருந்த மலேரியா நோயாளிகள் 1905-இல் 12 ஆகக் குறைந்தனர். மூடிவிடலாமா என்று பேசப்பட்ட புதுத் துறைமுகமும் பிழைத்தது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்பது அதுவே.

பிறகு அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கே போனார். லயத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணியே ஒரு தோட்டத்தின் நிலையை அறிந்தார். அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பிள்ளைகள். அங்கேதான் ஒரு விந்தையைக் கண்டார். கோலசிலாங்கூர் போன்ற கரையோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் ஓடுகிறது. அங்குள்ள கொசு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. குன்றுப் பக்கத் தோட்டங்களிலோ காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடுகிறது! அங்குள்ள கொசு வேறு. வெயில் படும் தெளிந்த ஓடையே அதற்கு வீடு. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்துக்கு நஞ்சாகிவிட்டது. மலையோடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தியும், எண்ணெய் தெளித்தும் அதையும் அடக்கினார். கொசுவின் இனம் அறியாமல் மண்வெட்டி எடுக்கலாகாது என்பது அவர் கண்ட பாடம். எத்தனை உயிர்களைக் கொடுத்துக் கற்றது!

1924-இல் சர் பட்டம் பெற்ற அவர் 1955-இல் காலமானார். 2018-இல் மலேசியாவுக்குள் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியே தொற்றும் வகை காட்டோரங்களில் ஓயவில்லை. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்களை உடைப்பது. காட்டுப்பக்கம் போய்வந்தபின் காய்ச்சல் கண்டால், அன்றே இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.